வீட்டில் கடல்நீர் மீன்தொட்டி அமைத்தல்

கடல்வாழ் மீன்களைக் கண்ணாடிக்குள் உயிருடன் வைத்துக் காண்பது சென்னைக்குப் புதிய விஷயமன்று. 1909-ஆம் ஆண்டிலேயே மெரினா கடற்கரையில் ஒரு கடல்மீன் காட்சிச்சாலை திறக்கப்பட்டது. சென்னைப் பொருட்காட்சிச்சாலையின் தலைவராயிருந்த எட்கர் தர்ஸ்டன் என்பவரின் யோசனையின் பேரில் ஏற்பட்ட அச்சாலை, 1919-ஆம் ஆண்டில் மீன்துறை இலாகாவின் பொறுப்பிற்கு வந்தது. இரண்டாம் உலக யுத்த காலத்தில் மூடப்பட்டு, பின்னர் திறக்கப்படாமலே போயிற்று.

இக்காலத்தில் அவ்வித ஆவல் வீடுகளுக்குள் புகுந்திருக்கிறது. வெளி ஜில்லாக்களில் நிலம் வைத்துக்கொண்டு, பிள்ளைகளின் படிப்பை முன்னிட்டு மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு முதலிய இடங்களில் குடித்தனம் செய்வோர் சிலரும் கடல்நீர்த் தொட்டி வைக்க விரும்புகின்றனர். தொட்டி, உப்பு, மீன் ஆகிய மூன்றையும் ஒரே நாளில் வாங்கி வைத்து, இரண்டு வாரங்களுக்குள் மீன்கள் யாவும் மாண்டுபோகக் கண்டு மனம் சலிப்போர் அநேகர். இந்நஷ்டம் தவிர்க்கக்கூடியது. அதன் காரணத்தை அறிந்துகொள்ள நஞ்சை புஞ்சை அறிந்த குடியானவரைவிடத் தகுதியுடையோர் இலர்.

மீன்கள் மாள்வதன் காரணம்

மீன் தன் செவுள்களின் வழியாக அம்மோனியாவை இடைவிடாது வெளியிடுகிறது. தின்னாது விட்ட இரையும் கழிவும் அழுகி மேலும் அம்மோனியாவை உண்டாக்குகின்றன. கடலில் இது கணப்பொழுதில் கரைந்து பரவிவிடும். தொட்டியிலோ நாளுக்கு நாள் சேரும். கடல்நீர் காரத்தன்மை உடையதாதலால், அதே அளவு அம்மோனியா நன்னீரைவிடக் கடல்நீரில் அதிக விஷமாகிறது.

புஞ்சை நிலத்தில் அம்மோனியம் சல்பேட் உரம் இட்டால், மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அதனை முதலில் நைட்ரைட்டாகவும், பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அதே வகை நுண்ணுயிர்களே மீன்தொட்டியின் மணலிலும் வடிகட்டியிலும் வேலை செய்யவேண்டும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் மீனுக்கு விஷம். நைட்ரேட் அவ்வளவு தீங்கற்றது. புதிய தொட்டியில் இந்நுண்ணுயிர்கள் போதிய அளவில் இரா. அவை பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் பிடிக்கும். அதற்கு முன் மீனை விடுவது, பண்படுத்தாத நிலத்தில் நாற்று நடுவதை ஒக்கும்.

மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. நீர் தேங்கிய நெல்வயலின் அடிமண்ணில் காற்றில்லாமையால் இம்மாற்றம் நடைபெறுவதில்லை. இவ்வுயிர்களுக்குப் பிராணவாயு இன்றியமையாதது. ஆகவே தொட்டியில் காற்றுக்குழாயும் நீரோட்டமும் இரவு பகல் ஓயாதிருத்தல் வேண்டும்.

தொட்டியும் அதன் இடமும்

சிறிய தொட்டி எளிதென்று எண்ணுவது தவறு. நீர் குறைவாயின் அதன் உப்பும் வெப்பமும் விரைவில் மாறும். ஆரம்பிப்போருக்கு மூன்று அடி நீளமும், ஒன்றரை அடி அகலமும், ஒன்றரை அடி உயரமும் உள்ள தொட்டி ஏற்றது. மணல் போக இதில் சுமார் 170 லிட்டர் நீர் கொள்ளும். கண்ணாடி, மணல், நீர் எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 250 கிலோ, அதாவது ஐம்பது கிலோ மூட்டைகள் ஐந்தின் பாரம் ஆகுமாதலால், உறுதியான மேடையின்மேல் வைக்கவேண்டும். நேர்வெயில் படலாகாது, பட்டால் பாசி மிகும். இரும்பு, செம்பு, பித்தளை எதுவும் நீரில் தோயலாகாது.

அடியில் ஓர் அங்குல உயரம் சுத்தமாகக் கழுவிய மணலும் கிளிஞ்சல் தூளும் பரப்பலாம். மீன்கள் ஒதுங்குவதற்கு, நுண்துளைகளையுடைய பீங்கான் கற்களும், மெருகிடாத சுட்ட மண் ஓடுகளும் போதும். நுண்ணுயிர்கள் குடியேறுவதும் இத்துளைகளிலேதான்.

நீரும் உப்பும்

கடல் அருகிலிருப்பதால் பட்டினப்பாக்கத்திலோ பெசன்ட் நகரிலோ ஒரு குடம் முகந்து வரலாமென்று தோன்றும். இவ்விரண்டிற்கும் இடையேதான் அடையாற்றின் முகத்துவாரம் உள்ளது. நகரக் கழிவுநீர் அவ்வழியே கடலில் கலக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழையின் வெள்ளமும் சேர்ந்து, கரையோர நீரின் உப்பு வெகுவாகக் குறையும். ஆகவே கரைநீரைத் தவிர்த்து, இதற்கென விற்கப்படும் கலவை உப்பை நன்னீரில் கரைத்துக்கொள்வதே சிலாக்கியம்.

சமையல் உப்பு இதற்கு உதவாது. உப்பளத்தில் கடல்நீர் வற்றும்போது முதற்பாத்திகளில் சுண்ணாம்புச் சத்து ஜிப்சமாகப் படிந்துவிடும். உப்பு விளைந்தபின் எஞ்சும் கசப்புநீரில் மக்னீசியமும் பொட்டாசியமும் நின்றுவிடும். வாரியெடுக்கும் உப்பு பெரும்பாலும் சோடியம் குளோரைடு ஒன்றே. கடல்மீனுக்கு மற்றச் சத்துக்களும் வேண்டும்.

நன்னீருக்கு, வீட்டில் சவ்வு வடிகட்டியில் சுத்திகரித்த நீரே சிறந்தது. குழாய்நீரைப் பயன்படுத்துவோர், குளோரின் நீங்கும்படி காற்றுக்குழாய் இட்டு ஒருநாள் முழுதும் வைத்திருக்கவேண்டும். லிட்டருக்கு 35 கிராம் வீதம், 170 லிட்டருக்குச் சுமார் 6 கிலோ கலவை உப்பு தேவைப்படும். ஹைட்ரோமீட்டரைக் கொண்டு பார்க்கையில் ஒப்படர்த்தி 1.023 முதல் 1.025 வரை இருத்தல் நலம்.

நீர் ஆவியாகும்போது உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். ஆதலால் அன்றாடம் குறையும் அளவிற்கு நன்னீரை மட்டும் ஊற்றவேண்டும். உப்புநீரை ஊற்றினால் தொட்டி நாளடைவில் உப்பளமாகிவிடும்.

நீரைப் பக்குவப்படுத்தல்

வடிகட்டியையும் காற்றுக்குழாயையும் ஓடவிட்டு, மீனின்றி, ஒரு சிறு இறால் துண்டை நீரில் இடவேண்டும். அது அழுகி அம்மோனியாவைக் கொடுக்கும். நுண்ணுயிர்களுக்கு அதுவே உரம். அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட் ஆகியவற்றை அளக்கும் சோதனைத் திரவங்கள் மீன்கடைகளில் கிடைக்கின்றன. வாரம் இருமுறை சோதித்துக் குறித்துவரின், முதலில் அம்மோனியா ஏறித் தணிவதும், பின்னர் நைட்ரைட் ஏறித் தணிவதும் தெரியும். இரண்டும் இல்லையென்றாகி நைட்ரேட் மட்டும் தோன்றும் நாளே, மீன்களை விடுவதற்குத் தக்க நாள். அவசரப்பட்டு இந்நாளை முன்தள்ளலாகாது. தயாரான வேறொரு தொட்டியின் வடிகட்டிப் பஞ்சு சிறிது கிடைத்தால், உறைமோர் இட்டாற்போல் காரியம் விரைவுபடும்.

மீன்களை விடுதல்

முதலில் கோமாளி மீன் குஞ்சுகள் இரண்டு போதும். இவை உறுதியானவை, கடற்சாமந்தி இல்லாமலும் வாழும். குஞ்சுகள் யாவும் ஆணாகவே வளர்ந்து, ஜோடியில் பெரியது பெண்ணாக மாறுவது இவற்றின் விந்தை. மண்டபம், பரங்கிப்பேட்டை ஆகிய இடங்களிலுள்ள ஆராய்ச்சி நிலையங்களில் கோமாளி மீன்கள் பொரிப்பகத்தில் இனவிருத்தி செய்யப்பட்டிருக்கின்றன. பொரிப்பகக் குஞ்சு, கொடுக்கும் இரையைத் தயக்கமின்றி ஏற்கும். கடலில் பிடித்த மீனோ கலக்கமுற்று இரை எடுக்க மறுப்பதுண்டு. ஆகவே வாங்கும்போது எங்கே பிறந்ததென்று கேட்டு வாங்குக. வண்ணத்துப்பூச்சி மீன்கள் அழகுடையவையாயினும், அவற்றுள் பல பவளப் பூச்சிகளையே தின்று வாழ்பவை. தொட்டியில் பட்டினியால் மாளும்.

புதிய மீனை மூன்று வாரம் தனித்தொட்டியில் வைத்திருந்து, வெண்புள்ளி நோய் இல்லையென்று கண்டபின் பெரிய தொட்டியில் விடுதல் வேண்டும். அந்நோய்க்குச் செம்பு கலந்த மருந்துகள் உண்டு. ஆனால் அவை இறால், நத்தை முதலியவற்றைக் கொன்றுவிடும். மயில்துத்தத்தின் வேகம் குடியானவர் அறிந்ததே. ஆகவே பெரிய தொட்டியில் அம்மருந்தை இடலாகாது. அடுத்த மீனைச் சேர்க்க ஒரு மாதம் பொறுக்கவேண்டும். நாளைக்கு இருமுறை, இரண்டு நிமிஷத்தில் தின்று தீரும் அளவே இரை கொடுக்கவேண்டும். வாரம் ஒருமுறை பத்தில் ஒரு பங்கு நீரை எடுத்து, முன்னரே கரைத்துவைத்த உப்புநீரை ஊற்றினால் நைட்ரேட் மிகாது.

வெப்பமும் மின்தடையும்

நீரின் வெப்பம் 24 முதல் 28 டிகிரி செல்சியஸ் வரை இருத்தல் நலம். சித்திரை, வைகாசியில் சென்னை வீடுகளில் இது 30-ஐத் தாண்டும். நீரின்மேல் சிறு மின்விசிறி வீசச் செய்தால், மண்பானை நீர் குளிர்வதுபோல் இரண்டு மூன்று டிகிரி தணியும். 2016-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் வீசியபின் நகரின் பல பாகங்களில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. அவ்விதச் சமயங்களில் முதலில் மூச்சு முட்டுவன மீன்கள், அடுத்தபடி நுண்ணுயிர்கள். பாட்டரியில் ஓடும் காற்றுக்குழாய் ஒன்றை மழைக்காலத்திற்கு முன்பே வாங்கி வைத்தல் வேண்டும்.

எடுக்கக்கூடாதவை

கடற்குதிரைகளும் பவளங்களும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையில் 2001-ஆம் ஆண்டில் சேர்க்கப்பட்டன. அவற்றைப் பிடிப்பதும் விற்பதும் சிறைத்தண்டனைக்குரிய குற்றம். தொட்டிக்கு அழகென்று பவளக்கல் கேட்போர் இருப்பதாலேயே அதனைப் பெயர்ப்போரும் உண்டாகின்றனர். இராமேசுவரம் முதல் தூத்துக்குடி வரையுள்ள மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986-ஆம் ஆண்டு முதல் தேசியப் பூங்காவாகப் பாதுகாக்கப்படுகின்றன. பவளப்பாறை அழிந்தால் அதையடுத்து மீன்குஞ்சுகள் ஒதுங்க இடமின்றிப் போகும். அந்நஷ்டம் கரையோர மக்களையே சேரும். கடலோரக் கிராம அதிகாரிகள் இதனைத் தங்கள் ஊராருக்கு எடுத்துரைத்தல் பெரிதும் பயன் தரும்.

கரையோரத்தில் உவர்நிலம் உடையோர், அலங்கார மீன்களைப் பற்றி மேலும் அறிய விரும்பின், 1987-ஆம் ஆண்டில் ஏற்பட்டு இராஜா அண்ணாமலைபுரத்தில் இயங்கிவரும் மத்திய உவர்நீர் உயிரின வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்தை அணுகலாம். எவராயினும் முதலில் ஒரு தொட்டியை ஓராண்டு காலம் மீன் சாகாமல் நடத்திப் பார்த்து, பின்னர் அதிகப் பணம் முடக்குவதே உசிதம். நீர் பக்குவமாயின் மீன் தானே தழைக்கும்.