மாட்டு எலும்பா, டாக்டர்?

மலேசியாவில், மந்தின் பக்கத்துத் தோட்டங்களில் பால்மரம் வெட்டியே வயதானவர்கள் பலருக்குக் கடைவாய்ப் பற்கள் எப்போதோ போய்விட்டன. வலித்தால் பிடுங்குவதுதான் அன்றைய வைத்தியம். இன்று பிள்ளைகள் இம்பிளான்ட், அதாவது தாடை எலும்பில் திருகாணி போலப் பொருத்தும் செயற்கைப் பல்வேர், வைக்கலாம் என்று அழைத்துப் போகிறார்கள். எக்ஸ்ரே பார்த்த டாக்டரோ, "திருகாணி நிற்க எலும்பு போதாது" என்கிறார்.

எலும்பு எங்கே போனது? மெல்லும்போது பல்வேர் தரும் அழுத்தத்தில்தான் தாடை எலும்பு உரமாக இருக்கிறது. வேர் போனால் அது கரையும். மேல்தாடையில் இன்னொரு சிக்கல்: கடைவாய்ப் பற்களுக்கு மேலே, கன்னத்துக்குள், சைனஸ் என்ற காற்றறை இருக்கிறது. பல் போனபின் அதன் தரையும் கீழே இறங்கும். சுமார் 8 முதல் 10 மில்லிமீட்டர் எலும்பு வேண்டிய இடத்தில் சிலருக்கு 3, 4 தான் மிஞ்சும்.

அந்தத் தரையை உயர்த்துவதுதான் சிகிச்சை. 1970களில் அமெரிக்கப் பல் மருத்துவர் ஹில்ட் டேட்டம் இதைச் செய்தார். 1980இல் பாயின், ஜேம்ஸ் இருவரும் கட்டுரையாக வெளியிட்டார்கள். மரத்துப்போக ஊசி போட்டு, ஈறை விலக்கி, எலும்பின் பக்கவாட்டில் சிறு சன்னல் திறப்பார்கள். உள்ளே தெரியும் சவ்வு, முட்டை ஓட்டுக்கு அடியில் இருக்கும் வெள்ளைத் தோலைப் போல மெல்லியது. பயிற்சியில் பச்சை முட்டை ஓட்டைத் தேய்த்து, தோல் கிழியாமல் எடுத்தே கை பழகுகிறார்கள். சவ்வை மெல்ல மேலே தள்ளி, அடியில் எலும்புத் துகளை நிரப்பித் தைப்பார்கள். துகள்களுக்கிடையே ரத்தக் குழாய்கள் புகுந்து சொந்த எலும்பு வளரப் பெரும்பாலும் 6 முதல் 9 மாதம் ஆகும். அவசரப்படுத்தவே கூடாது.

அந்தத் துகள் எது என்பதுதான் நம் வீடுகளில் யாரும் கேட்காத கேள்வி. நோயாளியின் சொந்தத் தாடையிலிருந்தே சுரண்டி எடுக்கலாம். இறந்தவர் தானம் செய்த எலும்பு உண்டு. உலகெங்கும் மிகுதியாகப் பயன்படுவது, புரதம் முழுவதும் நீக்கிய மாட்டு எலும்பு. பன்றியிலிருந்தும் எடுக்கிறார்கள். வாழ்நாளில் மாட்டிறைச்சி தொடாத பாட்டிக்கு இது சின்ன விஷயமில்லை. சம்மதத் தாளில் கையெழுத்திடும் முன் வாய்விட்டுக் கேளுங்கள், மாற்று இருக்கிறது. செயற்கைத் துகளும் கிடைக்கிறது. கிரானுமாஸ் என்ற துகளை உள்ளூர்ச் சுண்ணாம்புக் கல்லிலிருந்து மலேசிய ஆய்வாளர்களே உருவாக்கியிருக்கிறார்கள். எது பொருந்தும் என்பது எவ்வளவு எலும்பு மிஞ்சியிருக்கிறது என்பதையும் பொறுத்தது.

தையல் போட்டபின் சில வாரங்களுக்கு மூக்கைச் சிந்தக் கூடாது. தும்மல் வந்தால் அடக்காமல், வாயைத் திறந்தே தும்ம வேண்டும். புகைப்பவர்களுக்குப் புண் ஆறத் தாமதமாகும். வெற்றிலையோடு புகையிலை போடுகிறவர்கள் அதையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.