நிலநடுக்கமும் பைல் அடித்தளமும்

மேல்மண் வலுவற்ற இடங்களில், கட்டிடத்தின் பாரத்தை ஆழத்திலுள்ள உறுதியான அடுக்கிற்குக் கொண்டு செல்லவே ‘பைல்’ எனப்படும் நிலத்தூண்கள் இறக்கப்படுகின்றன. நிலம் அதிரும்போது இவற்றின் நிலைமை வேறாகிறது. கட்டிடம் ஆடிப் பைலின் தலையைப் பக்கவாட்டில் இழுக்கிறது. நகரும் மண் அதன் உடலைத் தள்ளுகிறது. செங்குத்துப் பாரத்தை மட்டும் கணக்கிட்டு அமைத்த பைல் இதற்கு ஈடுகொடுப்பது அரிது.

2001 ஜனவரி 26 அன்று குஜராத்தைக் குலுக்கிய பூஜ் நிலநடுக்கத்தில், காண்ட்லா துறைமுகத்தின் சுங்க அலுவலகக் கோபுரம் இதை நன்கு உணர்த்தியது. 22 மீட்டர் உயரமுள்ள அக்கட்டிடம், தலா 18 மீட்டர் நீளமுள்ள 32 கான்கிரீட் பைல்களின்மீது நின்றது. மேலே சுமார் 10 மீட்டர் களிமண். அதன்கீழ் நீர் நிறைந்த மணல். பைல்களின் முனைகள் அம்மணலிலேயே முடிந்திருந்தன. கட்டிடம் விழவில்லை, ஆனால் அதன் உச்சி ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் சாய்ந்துவிட்டது.

காரணம் யாது? நீர் நிறைந்த நெகிழ்வான மணல் அதிரும்போது அதன் துகள்கள் நெருங்க முயல்கின்றன. இடையிலுள்ள நீர் வெளியேற அவகாசமில்லாமையால் நீரழுத்தம் பெருகுகிறது. துகள்கள் ஒன்றையொன்று பற்றும் வலுவை இழக்க, மணல் திரவம்போல் ஆகிவிடுகிறது. அந்நிலையில் முனையின் தாங்குதிறன் குறைகிறது. பக்கத்துணையும் அகல, பைல் வெறும் நெடிய கம்பம்போல் நிற்கிறது. நீர்க்கரையோரமாயின், மேலுள்ள களிமண் அடுக்கே கரையை நோக்கி வழுக்கிப் பைல்களையும் தள்ளக்கூடும்.

ஆகவே வடிவமைப்பின் முதற்படி மண் பரிசோதனையே. (மதிப்பீட்டுத் தொகையைச் சுருக்க நேரும்போது பெரும்பாலும் இதில்தான் முதலில் கைவைக்கிறோம்!) இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 1893-இன் 2016-ஆம் ஆண்டுப் பதிப்பு, மணல் திரவமாகும் வாய்ப்பைக் கணிக்கும் முறையைத் தருகிறது. அவ்வாறு கணித்த அடுக்கைக் கடந்து, அதன்கீழுள்ள உறுதியான மண்ணில் பைல் போதிய ஆழம் ஊன்றியிருத்தல் வேண்டும். திரவமாகும் அடுக்கின் பக்க உராய்வைக் கணக்கில் சேர்க்கலாகாது. பக்கத்துணையின்றியும் வளைந்து முறியாத பருமன் தேவை. வளைவு மிகுவது பைலின் தலையிலும், அடுக்குகள் சந்திக்கும் ஆழங்களிலும். எனவே கம்பிக்கூட்டை நடுவழியில் நிறுத்தாமல் அவ்வாழங்களுக்குக் கீழும் கொண்டுசென்று, அவ்விடங்களில் வளையங்களை நெருக்கமாக இடுதல் நன்று.

மண்ணுக்குள் நேரும் சேதம் கண்ணுக்குப் புலப்படாது. 1964-இல் ஜப்பானின் நீகாட்டா நகரில் நிலநடுக்கத்திற்குப் பின்னும் பயன்பாட்டிலிருந்த கட்டிடமொன்றின் பைல்களைச் சுமார் 20 ஆண்டுகள் கழித்துத் தோண்டிப் பார்த்தபோதுதான், அவை முறிந்திருந்தது தெரியவந்தது.