விருந்தினரும் பீங்கான் குவளையும்

விருத்தாசலத்தின் பீங்கான் தொழிற்கூடங்களில் பொம்மைகளும் அகல்விளக்குகளும் மின்காப்புப் பொருள்களும் உருவாகின்றன. பீங்கானுக்கு அடிப்படையான வெண்களிமண்ணைக் கயோலின் என்பர். இப்பெயர், சீனாவின் சியாங்சி மாகாணத்தில், பீங்கானுக்குப் புகழ்பெற்ற சிங்தேசென் நகரின் அருகிலுள்ள கௌலிங் என்னும் சிற்றூரின் பெயரிலிருந்து பிறந்தது. 'உயர்ந்த குன்று' என்பது அதன் பொருள். விருத்தாசலத்தின் பழம்பெயரோ முதுகுன்றம்! தமிழ்நாட்டு மாணவர் பலர் இன்று மருத்துவம் பயிலச் சீனா செல்கின்றனர். அவருள் ஒருவரை வசந்த விழா விடுமுறையில் உடன்பயிலும் நண்பர் தம் சிற்றூருக்கு அழைத்துச் செல்வதாகக் கொள்வோம்.

விருந்து என்னும் சொல்லுக்குப் புதுமை என்னும் பொருளைத் தொல்காப்பியம் தருகிறது. புதியவர் அறியவேண்டியவை பல. முதலில் முறைப்பெயர். நண்பரின் தந்தை, விருந்தினரின் தந்தையைவிட மூத்தவராயின் 'போபோ', இளையவராயின் 'ஷூஷூ'. ஆங்கிலத்தில் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடும் இவ்வேறுபாடு, பெரியப்பா, சித்தப்பா எனப் பிரித்தழைக்கும் தமிழருக்குப் புதிதன்று. எதிர்ப்படும் முதியவர் "சாப்பிட்டாயா?" என்று வினவுவார். நம் ஊர்களில் உள்ளதைப்போல இது நலம் உசாவுதலே, உண்ண அழைப்பதன்று.

அடுத்து வருவது தேநீர். சொம்பு நிறைய நீர் தந்து வரவேற்கும் மரபில் வந்தவருக்கு, முக்கால் அளவே நிரம்பிய சிறு குவளை கஞ்சத்தனமாகத் தோன்றலாம். காரணம் குவளையிலேயே இருக்கிறது. மெல்லிய பீங்கானாலான அக்குவளைக்குக் கைப்பிடி இல்லை. விளிம்புவரை கொதிநீர் ஊற்றினால் ஏந்துபவர் விரல் சுடும். ஆகவே, நிரம்பிய தேநீர் விருந்தினரை அவமதிப்பதாகும் என்னும் வழக்கு அங்கே நிலைத்தது. தென் மாகாணங்களில், தேநீர் ஊற்றுபவருக்கு நன்றியாக மேசையை இருவிரலால் மெல்லத் தட்டுவர்.

உணவு வேளையில்தான் உண்மையான இடர் நேர்கிறது. உணவை வீணாக்கலாகாது என்று வளர்க்கப்பட்ட மாணவர் கிண்ணத்தை ஒழித்துவைப்பார். ஒழிந்த கிண்ணம் பசி தீரவில்லை என்பதற்கு அடையாளம் என்று கருதும் வீடுகள் அங்குண்டு. மூதாட்டி மீண்டும் நிரப்புவார். உண்ண உண்ண நிரம்பும். ஒருவர் திணறுவார், மற்றவர் கறி போதவில்லையோ என்று கலங்குவார். இருவரும் அன்பின் வழியே நடப்பவர்கள். பிழை ஒருவரிடமும் இல்லை. வாழையிலையை மடித்தால் முடிந்தது. கிண்ணத்தை மடிக்க இயலாதே! சிறிது எஞ்சவிட்டு, வயிறு நிறைந்தது என்று சொல்லுதலே வழி. உண்குச்சிகளைச் சோற்றில் செங்குத்தாக நட்டுவைத்தல் கூடாது. அது இறந்தோர்க்கு ஏற்றும் ஊதுபத்தியை நினைவூட்டும்.

கையுறையாக எதைக் கொண்டுசெல்வது? விருத்தாசலத்துப் பீங்கானைச் சிங்தேசென் பக்கம் கொண்டுபோவது கொல்லர் தெருவில் ஊசி விற்பது போன்றது என்று சிலர் நகைக்கக்கூடும். எனினும், நம் ஊர் அகல்விளக்கு அங்கே புதுமைதான். நான்காகத் தருதல் வேண்டா. சீனமொழியில் நான்கு என்னும் சொல் சாவு என்பதன் ஒலியை ஒத்தது. ஆறாகத் தரலாம். இரு கைகளாலும் நீட்டவேண்டும். பெற்றோர் ஓரிருமுறை மறுத்தே ஏற்பர். ஏற்றபின்னும் பொதியைப் பிரிக்காமல் ஓரமாக வைத்துவிடுவர். விருந்தினர் விடைபெற்றுச் சென்ற பிறகே அது பிரிக்கப்படும்.