அட்டாரி 2600 கருவியைத் தொலைக்காட்சியுடன் இணைத்தல்

அட்டாரி 2600 என்பது 1977ஆம் ஆண்டு அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த வீட்டு நிகழ்பட ஆட்டக் கருவி, அதாவது வீடியோ கேம் கருவி ஆகும். தொடக்கத்தில் இதன் பெயர் வீடியோ கம்ப்யூட்டர் சிஸ்டம். 2600 என்ற எண் 1982இல்தான் பெயராயிற்று. பரணில் கிடந்த இக்கருவியை எடுத்து இன்றைய தொலைக்காட்சியுடன் இணைப்பவர்கள் வெறும் நீலத்திரையைக் கண்டு, கருவி கெட்டுவிட்டது என்று கழித்துவிடுவது உண்டு. பல நேரங்களில் கருவியில் பழுது எதுவும் இருப்பதில்லை.

அன்றைய இணைப்பு முறை

1970களின் தொலைக்காட்சிப் பெட்டிகளில் ஆண்டெனா முனைகளைத் தவிர வேறு நுழைவழி பொதுவாக இல்லை. எனவே அட்டாரி ஒரு சிறு ஒளிபரப்பு நிலையம் போல வடிவமைக்கப்பட்டது. அதனுள் இருக்கும் பண்பேற்றி, படத்தையும் ஒலியையும் வானொலி அலையில் ஏற்றி ஒரே கம்பி வழியாக அனுப்புகிறது. தொலைக்காட்சி அதை 2 அல்லது 3ஆம் சேனலாகப் பிடித்துக்கொள்ளும். அமெரிக்காவில் 2ஆம் சேனல் 54 முதல் 60 மெகாஹெர்ட்ஸ் வரையும், 3ஆம் சேனல் 60 முதல் 66 வரையும் அமைந்தவை. அடுத்தடுத்த இவ்விரண்டையும் பொதுவாக ஒரே ஊருக்கு ஒதுக்குவதில்லை என்பதால் ஏதாவது ஒன்று காலியாக இருக்கும். அதைத் தேர்ந்தெடுக்கக் கருவியில் ஒரு சிறு சுவிட்ச் உண்டு.

கருவியுடன் ஒரு மாற்றுப் பெட்டியும் வந்தது. இதைத் தொலைக்காட்சியின் பின்புறமுள்ள இரு திருகுகளில் 300 ஓம் தட்டைக் கம்பியால் இணைத்து, 'டிவி' அல்லது 'கேம்' என்று தள்ளிக்கொள்ள வேண்டும். ஆட்டத்தின் அலை ஆண்டெனா வழியே வெளியேறி அண்டை வீட்டுத் திரையில் தோன்றாமல் தடுப்பதும் இப்பெட்டியின் வேலையே.

இன்று இணைக்கும் முறை

முதலில் மின் அடாப்டரைச் சரிபார்க்க வேண்டும். இதற்குத் தேவை 9 வோல்ட், 500 மில்லி ஆம்பியர் நேர்மின்னோட்டம், 3.5 மில்லிமீட்டர் முளையின் நுனி நேர்முனை. கைக்குக் கிடைத்த அடாப்டரைச் செருகினால் கருவி உண்மையிலேயே கெட்டுவிடும். முளையைக் கருவியில் செருகிய பிறகே மின்சாரத்தைப் போடுவது நல்லது.

பழைய மாற்றுப் பெட்டி இப்போது தேவையில்லை. கருவியின் கம்பி நுனியில் இருப்பது ஆர்.சி.ஏ. முளை. அதைத் தொலைக்காட்சியின் 75 ஓம் ஆண்டெனா துளையில் பொருத்த, விலை குறைந்த ஒரு சிறு இணைப்பி போதும். பிறகு கருவியை இயக்கி, ஆட்டப் பேழையைச் செருகிய நிலையிலேயே, தொலைக்காட்சியில் அனலாக் சேனல் தேடலை நடத்த வேண்டும். கருவி அணைந்திருக்கும்போது தேடினால் அந்தச் சேனல் பட்டியலில் ஏறாது. பலர் தவறவிடும் படி இதுதான்.

அனலாக் அலைவாங்கி இல்லாத தொலைக்காட்சி என்றால் பழைய வி.சி.ஆர். உதவும். அது அலையைப் பிடித்து, மஞ்சள் முளை வழியாகப் படத்தையும் மற்றொன்றின் வழியாக ஒலியையும் தரும். மஞ்சள் துளையும் இல்லாத பெட்டிக்கு எச்.டி.எம்.ஐ. மாற்றி வேண்டும்.

இந்தியாவில் வழங்கிவந்தது பால் முறை. அமெரிக்க அட்டாரி என்.டி.எஸ்.சி. முறையில் இயங்குவது, இரண்டிலும் ஒலி அமையும் இடைவெளியே வேறு, முறையே 5.5, 4.5 மெகாஹெர்ட்ஸ். ஆகவே பால் மட்டும் அறிந்த பெட்டியில் நிறமும் ஒலியும் வராது. பன்முறைத் தொலைக்காட்சி தேவை.

படம் உருளுவது ஏன்?

இணைப்பு சரியாக இருந்தும் சில ஆட்டங்களில் படம் உருளும் அல்லது மறையும். அட்டாரியின் நினைவகம் 128 பைட்டுகள் மட்டுமே. ஒரு முழுத் திரையைச் சேமித்து வைக்க இடமில்லை. ஆட்ட நிரலே ஒவ்வொரு வரியாக எண்ணிப் படத்தை வரைகிறது; ஒரு படம் முடிந்தது என்ற குறிப்பையும் அதுவே அனுப்புகிறது. வழக்கமான கணக்கு 262 வரிகள். சில நிரல்கள் கூடவோ குறையவோ அனுப்பும். பழைய படக்குழாய்ப் பெட்டிகள் இதைப் பொறுத்துக்கொண்டன. புதியவை பலவும் ஏற்பதில்லை. 1982இல் வந்த பேக்-மேன் ஆட்டத்தில் நான்கு பேய்களும் ஒன்றன்பின் ஒன்றாக, ஒரு படத்துக்கு ஒன்று என வரையப்படுகின்றன. புதிய திரை இதைச் சீர்செய்ய முயலும்போது சில பேய்கள் காணாமலே போகலாம். தொலைக்காட்சியில் 'கேம்' நிலை இருந்தால் அதைத் தேர்ந்தெடுப்பது ஓரளவு பயன் தரும். பிடிகோலை அசைத்தபின் திரையில் ஏற்படும் தாமதமும் அதனால் குறையும்.