எண்ணெயைக் காக்கும் எள்

புதுக்கோட்டை மாவட்டத்தின் ஆலங்குடி வட்டம், மழையையும் கண்மாயையும் ஆழ்துளைக் கிணற்றையும் நம்பி உழவு நடைபெறும் பகுதி. அதன் செம்மண் நிலங்களில் நிலக்கடலை பெரும்பயிர், எள் சிறுபயிர். எள்ளுக்கு நீர் குறைவாகவே போதும். மூன்று மாதத்திற்குள் அறுவடைக்கு வந்துவிடும். ஆனால், அடிக்காய்கள் வெடிக்கும் முன்னரே செடியை அறுத்தாக வேண்டும். சில நாள் தவறினால் மணிகள் மண்ணுக்கே திரும்பிவிடும். அத்தனை கவனத்துடன் சேர்த்த விதையின் எடையில் ஏறத்தாழப் பாதி எண்ணெய்.

எண்ணெய் என்னும் தமிழ்ச்சொல்லே இவ்விதையிலிருந்து பிறந்ததுதான். எள் + நெய் = எண்ணெய். வடமொழியிலும் திலம் என்னும் எள்ளே தைலத்திற்குப் பெயர் தந்தது. காலப்போக்கில் தேங்காயெண்ணெய், கடலையெண்ணெய், ஏன், விளக்கெரிக்கும் மண்ணெண்ணெய்கூட எள்ளின் பெயரைச் சுமக்கத் தொடங்கின. தன் பெயரைப் பிறவற்றுக்கு வழங்கிவிட்ட எள்ளின் எண்ணெய், நல்லெண்ணெய் ஆயிற்று.

கெட வேண்டியது ஏன் கெடுவதில்லை?

ஊறுகாய்ச் சாடியில் மேலாக நல்லெண்ணெய் ஊற்றிவைக்கும் வழக்கம் நம் இல்லங்களில் உண்டு. அது எளிதில் காறல் வாடை கொள்வதில்லை என்பதை வீட்டுப் பெண்கள் பட்டறிவால் அறிந்திருந்தனர். வேதியியல் நோக்கில் இது வியப்புக்குரியது. நல்லெண்ணெயில் உள்ள கொழுப்பு அமிலங்களுள் நூற்றுக்கு எண்பதுக்கும் மேற்பட்டவை நிறைவுறாதவை. ஒலீயிக் அமிலமும் லினோலியிக் அமிலமும் அவற்றுள் முதன்மையானவை. லினோலியிக் அமிலத்தில் இரண்டு இரட்டைப் பிணைப்புகள் உள்ளன. அவற்றுக்கு நடுவிலுள்ள கார்பனிலிருந்து ஒரு ஹைட்ரஜன் அணு எளிதில் பிரிந்துவிடும். பிரிந்தவுடன் அம்மூலக்கூறு தனி உறுப்பாக மாறுகிறது. காற்றிலுள்ள ஆக்சிஜனைப் பற்றிக்கொள்கிறது. பின்னர் அடுத்த மூலக்கூற்றிலிருந்து ஹைட்ரஜனைப் பறிக்கிறது. ஒன்று கெட்டால் அடுத்ததையும் கெடுக்கும் சங்கிலி வினை இது. இதன் முடிவில் தோன்றும் சிறிய ஆல்டிஹைடுகளே காறல் வாடைக்குக் காரணம். இக்கணக்கின்படி நல்லெண்ணெய் விரைந்து ஊசிப்போக வேண்டும். அவ்வாறு நிகழாமைக்குக் காரணம், எண்ணெயில் நூற்றுக்கு ஒரு பங்கை ஒட்டிய அளவே உள்ள வேறு சில சேர்மங்கள் ஆகும்.

அவை லிக்னான்கள் எனப்படும் தாவரச் சேர்மங்கள். எள்ளில் செசமின், செசமோலின் ஆகிய இரண்டும் மிகுதி. மரத்தை மரமாக்கும் லிக்னின் எந்த மூலப்பொருளால் ஆகிறதோ, அதே கோனிஃபெரில் ஆல்கஹாலின் இரு மூலக்கூறுகளை இணைத்தே எள் செசமினை ஆக்குகிறது. அதன் மூலக்கூறு வாய்பாடு C₂₀H₁₈O₆. செசமோலினில் ஓர் ஆக்சிஜன் அணு கூடுதல், C₂₀H₁₈O₇.

அந்த ஓர் அணுவில்தான் நல்லெண்ணெயின் வேதியியல் அடங்கியுள்ளது. சங்கிலி வினையை நிறுத்த வேண்டுமானால், ஒரு சேர்மம் தன் ஹைட்ரஜனைத் தனி உறுப்புக்குக் கொடுத்து அதனை அமைதிப்படுத்த வேண்டும். பென்சீன் வளையத்தோடு இணைந்த –OH தொகுதி இதற்கு ஏற்றது. செசமினிலும் செசமோலினிலும் அத்தகைய தொகுதி தனித்து இல்லை; அவற்றின் ஆக்சிஜன் அணுக்கள் பிணைப்புகளில் பூட்டப்பட்டுள்ளன. வெப்பமோ அமிலமோ படும்போது, செசமோலினின் கூடுதல் ஆக்சிஜன் உள்ள இடத்தில் பிணைப்பு முறிகிறது. அப்போது –OH தொகுதி கொண்ட செசமால் வெளிப்படுகிறது. செசமால் ஆற்றல் மிக்க ஆக்சிஜனேற்றத் தடுப்பான். எண்ணெயில் இயல்பாகவே உள்ள காமா டோக்கோஃபெராலும் அதற்குத் துணைநிற்கிறது. எள்ளை நன்கு வறுத்துப் பிழியும் ஜப்பானிய முறையில் கிடைக்கும் எண்ணெய் நெடுநாள் கெடாதிருப்பதற்குச் செசமாலும் ஒரு காரணம்.

செசமினுக்கு வேறொரு திறன் உண்டு. பைரித்ரம் என்னும் பூச்சிக்கொல்லி, சாமந்தி இனத்துப் பூவிலிருந்து எடுக்கப்படுவது. அதனுடன் நல்லெண்ணெய் கலந்தால் நஞ்சின் வீரியம் பெருகுவதை 1940களின் தொடக்கத்தில் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டனர். நஞ்சைச் சிதைக்கும் பூச்சியின் நொதிகளைச் செசமினின் மெத்திலீன்டைஆக்சி வளையம் முடக்கிவிடுகிறது. மிளகின் காரத்திற்குக் காரணமான பைப்பரினிலும் இவ்வளையம் உண்டு.

செந்நிறச் சான்று

நல்லெண்ணெயுடன் அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சிறிது சர்க்கரையும் சேர்த்துக் குலுக்கினால் அமிலப்படலம் செந்நிறமாகும். இதற்குப் போடவின் சோதனை என்று பெயர். அமிலம் சர்க்கரையைச் சிதைத்து ஃபர்ஃப்யூரால் வகைச் சேர்மம் ஒன்றை உண்டாக்குகிறது. செசமோலினிலிருந்து செசமாலை விடுவிக்கிறது. இரண்டும் கூடி நிறம் தருகின்றன. (அடர் அமிலம் கொடியது, ஆய்வகத்தில் ஆசிரியர் முன்னிலையில் அன்றி இதனைச் செய்தல் கூடாது.)

இந்த நிறம் இந்தியாவில் ஒரு சட்டத்திற்கே அடிப்படையாயிற்று. வனஸ்பதி தோற்றத்தில் நெய்யை ஒத்தது; விலையில் குறைந்தது. ஆகவே, நெய்யில் அதனைக் கலந்து விற்போர் பெருகினர். கலப்பைக் கண்ணாலும் நாவாலும் அறிதல் அரிது. எனவே, வனஸ்பதியில் நூற்றுக்கு 5 பங்குக்குக் குறையாமல் நல்லெண்ணெய் சேர்க்க வேண்டும் என விதிக்கப்பட்டது. நெய்யில் வனஸ்பதி கலந்திருந்தால், சோதனையில் செந்நிறம் தோன்றிக் காட்டிக்கொடுத்துவிடும். ஏமாற்றுவோர் கையாளும் பொருளுக்குள்ளேயே சாட்சியை வைத்த நுட்பம் இது.

இதே சோதனையைக் கொண்டு நல்லெண்ணெயின் தூய்மையை அறியலாமா? முடியாது. மலிவான எண்ணெயில் சிறிதளவு நல்லெண்ணெய் கலந்தாலும் செந்நிறம் தோன்றும். எள் இருப்பதை அது கூறுமேயன்றி, எள் மட்டுமே இருப்பதைக் கூறாது. எள்ளும் கடலையும் ஒரே செக்கில் ஆட்டப்படும் ஆலங்குடி போன்ற ஊர்களில் இவ்வேறுபாடு நடைமுறைப் பயனுடையது. அங்குத் தேவைப்படுவது பெல்லியர் சோதனை. கடலையெண்ணெயில் நீண்ட கார்பன் சங்கிலியுடைய நிறைவுற்ற அமிலங்கள் உள்ளன. எண்ணெயைக் காரத்தால் சிதைத்து, அமிலமும் ஆல்கஹாலும் சேர்த்து, மெல்லக் குளிரவிட்டால், கடலையெண்ணெய் 39 முதல் 41 டிகிரி செல்சியசுக்குள்ளேயே கலங்கத் தொடங்கும். தூய நல்லெண்ணெயோ 22 டிகிரிக்கு மேல் கலங்குதல் கூடாது. அதற்கு முன்பே கலங்குமாயின், செக்கிலோ கடையிலோ எள்ளுடன் வேறொன்று சேர்ந்திருக்கிறது.