புகைப்படங்களுக்கும் ஒரு நியமனதாரர்

கொல்கத்தாவில் புகைப்படக் கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு விடியற்காலையில் வீட்டை விட்டுப் புறப்படுவோருக்குக் குறைவில்லை. ஹௌரா பாலத்தின் அடியில் மல்லிக் காட் மலர்ச் சந்தையில் சாமந்திக் கூடைகள் இறங்கும் வேளை, குமார்டுலியின் குறுகிய சந்துகளில் வைக்கோலும் களிமண்ணும் துர்க்கையாக உருப்பெறும் மாதங்கள், கல்லூரிச் சாலையின் பழைய புத்தகக் கடைகள் என்று இந்நகரம் கண்ணுக்கு விருந்து வைத்துக்கொண்டே இருக்கிறது. இவற்றைப் படம் பிடிப்போருள் பெரும்பாலோர் தொழில்முறைக் கலைஞர்கள் அல்லர். ஆசிரியர்கள், அலுவலர்கள், மாணவர்கள், பணி ஓய்வு பெற்றவர்கள் எனப் பல திறத்தார். பணிநிமித்தம் இந்நகருக்கு வந்து, ஞாயிற்றுக்கிழமைகளைப் படம் எடுப்பதில் செலவிடும் நாமும் அக்கூட்டத்தைச் சேர்ந்தவர்களே.

படம் எடுப்பது இப்பொழுதுபோக்கின் ஒரு பாதி; எடுத்ததைப் பிறரிடம் காட்டி மகிழ்வது மறு பாதி. அதற்கென இணையத்தில் தளங்கள் பெருகியுள்ளன. படங்களைத் திருத்தவும் வரிசைப்படுத்தவும் மென்பொருள்கள் ஆண்டுதோறும் புதிய பதிப்புகளாக வெளிவருகின்றன. இவ்விரண்டையும் பல ஆண்டுகள் பயன்படுத்திவரும் எவருக்கும் ஒரு கேள்வி எழாமல் இராது: நாம் எடுத்த படங்கள் இப்போது யாருடைய பொறுப்பில் இருக்கின்றன?

பழைய ஆர்வலர்கள்

இந்தப் பகிரும் ஆசை புதிதன்று. 1839இல் பாரிஸில் டாகேரின் ஒளிப்பட முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டது. 1856இல் வங்காளப் புகைப்படக் கழகம் கல்கத்தாவில் தொடங்கப்பட்டது. அக்காலகட்டத்திலேயே சென்னையிலும் அத்தகைய கழகம் தோன்றியது. உறுப்பினர்கள் பலரும் அரசுப் பணியாளர்களும் மருத்துவர்களும் வணிகர்களுமாக இருந்தனர். தத்தம் படங்களைக் கொணர்ந்து கூட்டத்தில் காட்டுவதும், புதிய இரசாயன முறைகளைப் பற்றி விவாதிப்பதும் அவர்களுடைய வழக்கம். இன்றைய ஆர்வலர்கள் இணையத்தில் செய்வதும் ஏறத்தாழ இதுவே.

அக்காலத்தில் படத்தைக் காக்கும் பொறுப்பு கண்ணாடித் தகட்டை வைத்திருந்தவரைச் சார்ந்தது. அப்பொறுப்பு எவ்வளவு கனமானது என்பதற்குக் கொல்கத்தாவே சான்று. 1863இல் இந்தியாவுக்கு வந்த சாமுவேல் பௌர்னின் பெயரைத் தாங்கிய 'பௌர்ன் அண்ட் ஷெப்பர்ட்' நிலையம் எஸ்பிளனேடு அருகே பல தலைமுறைகளாக இயங்கியது. மன்னர்களும் ஆளுநர்களும் சாமானியக் குடும்பங்களும் அதன் கருவியின் முன் அமர்ந்தனர். 1991 பிப்ரவரியில் அக்கட்டடத்தில் மூண்ட தீ, சேமித்து வைத்திருந்த பழம்பெரும் படத் தகடுகளில் பெரும்பகுதியை அழித்துவிட்டது. மிகப் பெரிய நிறுவனமாயினும் ஒரே கட்டடத்தில் ஒரே படியாக இருக்கும் செல்வம் ஒரே இரவில் போய்விடக்கூடும் என்பதை அத்தீ உணர்த்தியது.

2016இல் மூடிய கதவுகள்

தீயில் தப்பிய அந்நிலையம் 2016 ஜூன் மாதம் நிரந்தரமாக மூடப்பட்டது. நகரத்தார் பலர் அதற்காக வருந்தினர். அதே ஆண்டில் இணையத்திலும் இரு கதவுகள் மூடின.

முதலாவது பிகாசா. கணினியில் உள்ள படங்களை எளிதாக வரிசைப்படுத்தவும், பிழை திருத்தவும், இணையத் தொகுப்பாக ஏற்றவும் கூகுள் இலவசமாக அளித்த மென்பொருள் அது. 2016 மார்ச்சு மாதத்துடன் அதன் ஆதரவு நிறுத்தப்பட்டது. படங்கள் அழியவில்லை, இணையத் தொகுப்புகள் கூகுள் போட்டோஸ் சேவைக்குச் சென்றன. ஆயினும் பிகாசாவில் நாம் செய்த திருத்தங்களும் உருவாக்கிய தொகுப்புகளும் அம்மென்பொருள் மட்டுமே அறிந்த தனிக் கோப்புகளில் பதிவாகியிருந்தன. மென்பொருள் ஓய்வு பெற்றதும் அவ்வுழைப்பைப் படித்துச் சொல்ல ஆள் இல்லாமற் போயிற்று.

இரண்டாவது பனோராமியோ. ஆர்வலர்கள் எடுத்த படங்களை நிலப்படத்தில் உரிய இடத்திலேயே பொருத்திக் காட்டிய தளம். ஸ்பெயின் நாட்டில் 2005இல் தோன்றி, 2007இல் கூகுள் வசமானது. உலகின் ஏதோ ஒரு மூலையில் இருப்பவர் கங்கைக் கரையின் ஒரு படித்துறையைச் சொடுக்கினால், அங்கே நின்று யாரோ எடுத்த படம் தோன்றும். 2016 நவம்பரில் அதுவும் மூடப்பட்டது.

நிலையம் மூடப்பட்டபோது செய்தித்தாள்கள் எழுதின. தளங்கள் மூடப்பட்டபோது பெரும்பாலோர்க்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. அவ்வளவே வேறுபாடு.

இலவசத்தின் கணக்கு

நிறுவனங்கள் வாக்குத் தவறின என்று சினம் கொள்வதில் பயனில்லை. படங்களைச் சேமிக்கும் கணினிகளுக்கும் மின்சாரத்துக்கும் யாரோ பணம் கொடுத்தாக வேண்டும். வணிகவியல் படித்தோர்க்கு இது விளங்காத செய்தியன்று. இலவசம் என்பது ஒரு காலகட்டத்தின் வணிக முடிவு. அம்முடிவு மாறும் உரிமை நிறுவனத்துக்கு உண்டு.

ஃப்ளிக்கர் தளத்தின் வரலாறு இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. 2004இல் தோன்றிய அத்தளம் அடுத்த ஆண்டே யாகூ வசமாயிற்று. 2013இல் ஒவ்வொருவருக்கும் ஒரு டெராபைட் இடம் இலவசம் என்றனர். 2018இல் ஸ்மக்மக் என்னும் நிறுவனம் அதனை வாங்கியது. அவ்வாண்டின் இறுதியிலேயே, கட்டணமில்லாக் கணக்குகளுக்கு 1,000 படங்களே வரம்பு என்று அறிவித்தது. போட்டோபக்கெட் தளம் 2017இல், தன்னிடமுள்ள படங்களைப் பிற இணையப் பக்கங்களில் காட்டுவதற்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 400 டாலர் கட்டணம் கேட்டது. எண்ணற்ற பக்கங்களில் படங்கள் இருந்த இடம் வெறுமையாயிற்று. கூகுள் போட்டோஸ் 2015இல் வரம்பற்ற சேமிப்புடன் தொடங்கி, 2021 ஜூன் 1 முதல் அச்சலுகையை நிறுத்திக்கொண்டது. அதன்பின் ஏற்றும் படங்கள், மின்னஞ்சலுக்கும் சேர்த்துத் தரப்படும் 15 ஜிகாபைட் இடத்தில் கணக்கிடப்படுகின்றன.

வங்கிக் கணக்குடன் இதனை ஒப்பிடுவது பொருந்தும். பத்தாண்டுகள் எவரும் தொடாத வைப்புத்தொகை, ரிசர்வ் வங்கியின் வைப்பாளர் கல்வி மற்றும் விழிப்புணர்வு நிதிக்குச் செல்கிறது. ஆனால் உரிமை அழிவதில்லை. அதன் பின்னரும் வைப்பாளரோ வாரிசுகளோ தம் வங்கியை அணுகிக் கோரலாம். அத்தகைய தொகைகளைத் தேடிக் கண்டறிய 'உத்கம்' இணையதளமும் 2023இல் தொடங்கப்பட்டது. அதே ஆண்டில் கூகுள், இரண்டாண்டுகள் பயன்படுத்தப்படாத தனிநபர் கணக்குகளையும் அவற்றிலுள்ள படங்களையும் நீக்கும் விதியை அறிவித்தது. வங்கியில் உறங்கும் பணம் காத்திருக்கிறது. இணையத்தில் உறங்கும் படம் நீக்கப்படலாம்.

கட்டணம் செலுத்துவோரும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அட்டைவழித் தொடர் கட்டணங்களுக்கு 2021 அக்டோபர் முதல் ரிசர்வ் வங்கியின் விதிப்படி முன்பதிவும் கூடுதல் சரிபார்ப்பும் தேவை. பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன் அறிவிப்பும் வரும். அட்டை காலாவதியானாலோ, புதிய அட்டை பெற்ற பின் ஆணையைப் புதுப்பிக்காவிட்டாலோ சந்தா தடைப்படும். அந்த அறிவிப்பைப் படிக்காமல் தள்ளுவது நன்றன்று. அதே வேளையில், 'உங்கள் சேமிப்பிடம் நிரம்பிவிட்டது, உடனே இந்த இணைப்பை அழுத்துக' என்று வரும் போலி மின்னஞ்சல்களும் உண்டு. தளத்தின் முகவரியை நாமே தட்டச்சு செய்து நுழைவதே பாதுகாப்பு.

புதிய பதிப்பு வரும்போது

மென்பொருளின் புதிய பதிப்பு வெளிவரும் நாள் ஆர்வலர்க்குத் திருநாள் போன்றது. எஸ்பிளனேடில் மெட்ரோ திரையரங்கை ஒட்டிய கருவிக் கடைகளில் அன்று பேச்சே அதுதான். இருப்பினும் அவசரம் வேண்டியதில்லை.

2007இல் வெளிவந்த அடோபியின் லைட்ரூம் போன்ற மென்பொருள்கள் மூலப்படத்தைத் தொடுவதில்லை. எவ்வளவு வெளிச்சம் கூட்டினோம், எங்கே வெட்டினோம் என்னும் குறிப்புகளை மட்டும் தனிப் பதிவேட்டில் எழுதி வைக்கின்றன. இது சிறந்த முறை, மூலம் கெடுவதில்லை. ஆனால் புதிய பதிப்பு அப்பதிவேட்டைப் புதிய வடிவுக்கு மாற்றிவிட்டால், பழைய பதிப்பு அதனைத் திறக்க இயலாது. ஆகவே பதிப்பை உயர்த்துமுன் பதிவேட்டின் படி ஒன்றைத் தனியே எடுத்து வைத்தல் இன்றியமையாதது.

மென்பொருளை ஒருமுறை விலைக்கு வாங்கிப் பல்லாண்டு பயன்படுத்தும் வழக்கமும் குறைந்துவருகிறது. அடோபி 2013இல் சந்தா முறைக்குப் பெருமளவில் மாறியது; 2015இல் வந்த லைட்ரூம் 6, ஒரே விலையில் வாங்கத்தக்க இறுதிப் பதிப்பாயிற்று. ஆப்பிளின் அபெர்ச்சர் மென்பொருளோ 2014இல் கைவிடப்பட்டு, 2019இல் வந்த இயங்குதளத்தில் முற்றிலும் இயங்காமற் போயிற்று. இவற்றுக்கு மாற்றாக ஜிம்ப், டார்க்டேபிள், டிஜிகேம் போன்ற கட்டற்ற மென்பொருள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஜிம்ப் தன் 2.10 பதிப்புக்குப் பின் ஏறத்தாழ ஏழாண்டுகள் கழித்து, 2025 மார்ச்சில் 3.0 பதிப்பை வெளியிட்டது. வேகம் குறைவு, ஆயினும் சந்தா நின்றது என்று கதவை அடைக்கும் நிலை அங்கில்லை.

கோப்பின் வடிவமும் கருதத்தக்கது. கருவி நிறுவனங்கள் பலவும் தமக்கெனத் தனி மூல வடிவத்தை வைத்துள்ளன. 1992 முதல் வழக்கிலுள்ள ஜேபெக் வடிவத்தையோ எல்லாக் கணினிகளும் படிக்கும். சிறந்த படங்களையேனும் திருத்தம் முடிந்தபின் முழு அளவில் ஜேபெக் வடிவிலும் சேமித்து வைப்பது, எந்த மென்பொருள் மறைந்தாலும் நம்மைக் காக்கும்.

நகரின் சாட்சியம்

இவ்வளவு கவலை எதற்கு, வெறும் பொழுதுபோக்குத்தானே என்று கேட்கலாம். கொல்கத்தாவின் டிராம் வண்டிகளை நினைத்துப் பார்ப்போம். 1873இல் குதிரைகள் இழுக்கத் தொடங்கி, 1902 முதல் மின்சாரத்தில் ஓடியவை அவை. 2024 செப்டம்பரில் மாநிலப் போக்குவரத்து அமைச்சர், மைதானம்–எஸ்பிளனேடு தடம் தவிர மற்றவை நிறுத்தப்படும் என்று அறிவித்தார். அருகிலுள்ள உத்தரபாராவில் அம்பாசிடர் கார் உற்பத்தி 2014இலேயே நின்றுவிட்டமையால் மஞ்சள் வாடகைக் கார்களும் ஆண்டுக்கு ஆண்டு குறைகின்றன. இவற்றை நாள்தோறும் படம் பிடித்தவர்கள் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை ஆர்வலர்களே. வேடிக்கையாக எடுத்த படம் பத்தாண்டுகளில் ஆவணமாகிவிடுகிறது.

பொதுநலனுக்காகப் படங்களை அளிக்க விரும்புவோர்க்கு 2004இல் தொடங்கிய விக்கிமீடியா பொதுவகம் நல்லதோர் இடம். அங்கு அளிக்கும் படத்தைப் பெயர் குறிப்பிட்டு எவரும் பயன்படுத்தலாம். பலர் படியெடுப்பதால் அது ஓரிடத்தை மட்டும் நம்பி இருப்பதில்லை. அளித்த உரிமத்தைத் திரும்பப் பெற இயலாது என்பதை மட்டும் அறிந்து அளித்தல் வேண்டும்.

செய்யத்தக்கவை

பகிர்வுத் தளத்தைக் கடையின் காட்சிக் கண்ணாடியாகக் கருதுக. பாதுகாப்புப் பெட்டகமாகக் கருதற்க. பீட்டர் குரோ என்னும் அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பரவலாக்கிய 3-2-1 விதி எளியது: மூன்று படிகள், இரு வகைச் சாதனங்களில், ஒன்று வேறிடத்தில். மூலப்படி கணினியிலும், இரண்டாம் படி புறவட்டிலும், மூன்றாம் படி வேறூரில் உள்ள உறவினர் வீட்டிலோ இணையச் சேமிப்பிலோ இருக்கலாம்.

படத்தின் விவரத்தைக் கோப்புக்குள்ளேயே எழுதுக. எங்கே, எப்போது, யார் என்னும் மூன்றும் போதும். தளத்தின் பக்கத்தில் மட்டும் எழுதிய குறிப்பு, தளத்தோடு போய்விடும். வாட்ஸ்ஆப் வழியே வழக்கமாக அனுப்பும் படம் சுருக்கப்படுவதால் அதனை மூலப்படியாகக் கொள்ளலாகாது. ஆண்டுக்கொருமுறை, கணக்காண்டு முடிவில் ஏடுகளைச் சரிபார்ப்பது போல, புறவட்டைத் திறந்து படங்கள் தெரிகின்றனவா என்று பார்க்கவேண்டும். கூகுள் கணக்கில் உள்ளவற்றை 'டேக்அவுட்' வசதியின் மூலம் மொத்தமாகத் தரவிறக்கலாம்.

இறுதியாக, நியமனதாரர். கணவரை இழந்த வாடிக்கையாளர் ஒருவர் நம் கிளைக்கு வந்திருந்தார். நியமனம் பதிவாகியிருந்தமையால் வைப்புத்தொகை சிக்கலின்றி அவர் கைக்கு வந்தது. கையொப்பமிட்டு முடித்தபின் அவர் கேட்டது வேறு: "அவர் எடுத்த படமெல்லாம் ஃபோனுக்குள்ளே இருக்கு, சார். கடவுச்சொல் தெரியலை. அதுக்கு யார்கிட்ட மனு கொடுக்கணும்?" அதற்கான படிவம் எந்த வங்கியிலும் இல்லை.

வாழும் காலத்திலேயே அதனை நிரப்பிவைக்கும் வழி இருக்கிறது. கூகுளில் 'செயலற்ற கணக்கு நிர்வாகி' என்னும் ஏற்பாடு 2013 முதல் உண்டு. குறிப்பிட்ட காலம் கணக்கு இயங்காவிடில், நாம் தேர்ந்தவருக்குப் படங்களை எடுத்துக்கொள்ளும் வாய்ப்பு வழங்கப்படும். ஆப்பிள் கணக்குகளில் 2021 டிசம்பர் முதல் 'மரபுத் தொடர்பாளர்' ஒருவரைப் பதியலாம். இவற்றைச் செய்ய ஆகும் நேரம் பத்து நிமிடங்களுக்கு மேல் இராது. புறவட்டு எந்த அலமாரியில் இருக்கிறது என்பதை வீட்டில் ஒருவரிடமேனும் சொல்லிவைப்பதற்கு அவ்வளவும் தேவையில்லை.

வைப்புக் கணக்குக்கு நியமனதாரரைப் பதிந்துள்ள வாடிக்கையாளர்கள், அடுத்த விடுமுறை நாளில் தம் படங்களுக்கும் ஒருவரைப் பதிந்து வைப்பார்களாக.