டா நாங் போறீங்களா? காலையில் கடல், இரவில் டிராகன்... குடும்பத்தோடு சுற்ற சில டிப்ஸ்!

வெளிநாட்டு பீச் என்றாலே பாலி, பட்டாயா என்று பேசிக்கொண்டிருந்த நம் ஊர் வாட்ஸ்அப் குரூப்களில் இப்போது அடிக்கடி அடிபடும் பெயர், வியட்நாமின் டா நாங். ஒரு பக்கம் கடல், நடுவில் ஹான் ஆறு, பின்னால் மலை. விமான நிலையம் ஊருக்குள்ளேயே இருப்பதால், இறங்கிய கால் மணி நேரத்தில் கடற்கரை ஹோட்டலில் பெட்டியை வைத்துவிடலாம்.

ஆனால், இந்த ஊருக்கு என்று ஒரு டைம்டேபிள் இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு போனால் பணமும் மிச்சம், அலைச்சலும் மிச்சம். முக்கியமாக, கடலில் ஆபத்தும் குறையும்.

எந்த மாதம் போகலாம்?

நம் ஊர் தீபாவளி விடுமுறைக்கு டிக்கெட் போடுவதற்கு முன் ஒருமுறை யோசியுங்கள். செப்டம்பர் முதல் டிசம்பர் வரை அங்கே மழைக்காலம். அக்டோபர், நவம்பரில் புயலும் வெள்ளமும் வரும். பிப்ரவரி முதல் ஆகஸ்ட் வரை பொதுவாக மழை குறைவு. கடலில் குளிக்க ஏப்ரலுக்குப் பிறகு நல்ல நேரம், வெயிலைத் தாங்கிக்கொண்டால். சர்வதேச வாணவேடிக்கைத் திருவிழா பெரும்பாலும் ஜூன், ஜூலையில் நடக்கும். அந்த வார இறுதிகளில் ரூம் வாடகை எகிறும். பார்க்க வேண்டும் என்றால் முன்கூட்டியே புக் செய்யுங்கள். வேண்டாம் என்றால் வார நாள்களில் போங்கள்.

காலை 5 மணி: கடல்

மீ கே கடற்கரைக்குப் பத்து மணிக்குப் போனால் வெளிநாட்டுக்காரர்கள்தான் வெயிலில் படுத்திருப்பார்கள். உள்ளூர்க்காரர்கள் விடியற்காலை 5 மணிக்கே வந்து நீந்தி, உடற்பயிற்சி செய்து, வீட்டுக்குப் போயிருப்பார்கள். திரும்ப வருவது மாலை வெயில் தாழ்ந்த பிறகுதான். நீங்களும் அப்படியே செய்யுங்கள். இந்திய நேரத்தைவிட வியட்நாம் ஒன்றரை மணி நேரம் முன்னால் இருப்பதால், முதல் நாள் மட்டும் அலாரம் தேவைப்படும்.

இந்தக் கடல் அமைதியாகத் தெரிந்தாலும் சில இடங்களில் உள்நோக்கி இழுக்கும். இரண்டு பக்கமும் அலை உடைந்துகொண்டிருக்க, நடுவில் ஓரிடம் மட்டும் அலையில்லாமல் சாதுவாகத் தெரிந்தால், 'இங்கே குளிக்கலாம்' என்று இறங்காதீர்கள். பெரும்பாலும் அதுதான் தண்ணீர் கடலுக்குள் திரும்பிப் போகும் பாதை.

மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தக் கூடாது. சீக்கிரமே கை ஓய்ந்துவிடும். மல்லாந்து மிதந்து, ஒரு கையைத் தூக்கி உதவி கேளுங்கள். நீந்தத் தெரிந்தவர்கள் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து, இழுப்பு விட்ட பிறகு கரைக்குத் திரும்பலாம். நீச்சல் தெரியாதவர்கள் முழங்கால் அளவோடு நிற்பதே நல்லது. குழந்தைகளைக் கைக்கெட்டும் தூரத்திலேயே வைத்திருங்கள். சிவப்புக் கொடி பறந்தாலோ, உயிர்காப்பாளர் விசில் அடித்தாலோ மறுபேச்சு இல்லாமல் வெளியே வந்துவிடுங்கள். ஒருவர் தத்தளிக்கும்போது இன்னொருவர் குதிப்பதுதான் பல கடற்கரைகளில் ஒரே குடும்பத்தில் இரண்டு உயிரைப் பறித்திருக்கிறது. உயிர்காப்பாளரைக் கூப்பிடுங்கள், மிதக்கும் பொருள் எது கிடைத்தாலும் அவரை நோக்கி வீசுங்கள்.

மதியம்: நிழல் தேடி

உச்சி வெயிலுக்கு ஏற்ற இடம், டிராகன் பாலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சம்பா சிற்ப அருங்காட்சியகம். 1919-ல் திறக்கப்பட்டது. மத்திய வியட்நாமை ஆண்ட சம்பா அரசர்கள் சிவனை வழிபட்டவர்கள். அவர்கள் காலத்துச் சிவன், பிள்ளையார் சிற்பங்களை இங்கே பார்க்கும்போது, முகம் புதிதாகவும் உருவம் பழகியதாகவும் இருக்கும்.

பிடித்துப்போனால், சுமார் 70 கிலோமீட்டர் தள்ளி உள்ள மீ சன் கோயில்களுக்கு ஒரு காலைப் பொழுதை ஒதுக்குங்கள். செங்கல்லால் கட்டிய இந்தக் கோயில்களில் பல, 1969-ல் அமெரிக்கக் குண்டுவீச்சில் சிதைந்தன. 2020-ல் சீரமைப்புப் பணியின்போது 9-ம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரே கல்லாலான சிவலிங்கத்தை இந்தியத் தொல்லியல் துறையினர் கண்டெடுத்தது இங்கேதான்.

இரவு 9 மணி: டிராகன்

ஹான் ஆற்றின் மேல் 2013-ல் திறக்கப்பட்ட டிராகன் பாலத்தின் நீளம் 666 மீட்டர். சனி, ஞாயிறு இரவு 9 மணிக்கு டிராகன் வாயிலிருந்து முதலில் நெருப்பு, அப்புறம் தண்ணீர்! அதனால் உங்கள் பயணத்தில் ஒரு சனியோ ஞாயிறோ இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். டிராகனின் தலை கடற்கரைப் பக்கம் இருக்கிறது. அதன் கிட்டே நின்றால் நனைவது உறுதி. செல்போனுக்கு ஒரு பிளாஸ்டிக் கவர் இருக்கட்டும்.

ஒரு நாள் மலைக்கு

இரண்டு ராட்சதக் கைகள் தாங்கும் தங்கப் பாலத்தை ரீல்ஸில் பார்த்திருப்பீர்கள். 2018-ல் திறக்கப்பட்ட அது, பா நா ஹில்ஸ் மலையில் இருக்கிறது. ரோப் காரில் போக வேண்டும். டிக்கெட் ஒருவருக்கு 9 லட்சம் டாங் அல்லது அதற்கு மேல், அதாவது 3,000 ரூபாய்க்குக் குறையாது. குழந்தைகளுக்கு வயதை அல்ல, உயரத்தைப் பார்த்துதான் கட்டணம். மேலே பனிமூட்டமாக இருந்தால் பாலமே கண்ணில் படாது. வானிலை பார்த்துவிட்டு டிக்கெட் எடுங்கள். ஸ்வெட்டர் அவசியம்.

பர்ஸ் பத்திரம்

அங்கே எல்லோரும் லட்சாதிபதிதான்! ஒரு ரூபாய்க்குச் சுமார் 300 டாங். கணக்கு எளிது: கடைசி மூன்று பூஜ்ஜியங்களை விட்டுவிட்டு, மீதியை மூன்றால் பெருக்கி, கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். 60,000 டாங் என்றால் சுமார் 200 ரூபாய்.

20,000 நோட்டும் 5 லட்சம் நோட்டும் இரண்டுமே நீலம். முதலாவது 65 ரூபாய் அளவு, இரண்டாவது 1,650 ரூபாய்க்கு மேல். இரவு மார்க்கெட் வெளிச்சத்தில் மாற்றிக் கொடுத்துவிட வாய்ப்பு அதிகம். பெரிய நோட்டுகளைப் பர்ஸில் தனி அறையில் வையுங்கள்.

ஊருக்குள் போய்வர கிராப் ஆப் போதும். ஏறும் முன்பே கட்டணம் தெரிந்துவிடும். வாடகை ஸ்கூட்டர் ஆசை இருந்தால், உங்கள் உரிமம் அங்கே செல்லுமா என்று முதலில் உறுதிசெய்யுங்கள். செல்லாத உரிமத்தோடு விபத்தில் சிக்கினால் பயணக் காப்பீட்டுப் பணம் கிடைப்பது கஷ்டம்.

சைவமா? 'சாய்' என்று கேளுங்கள்

போர்டில் 'சாய்' என்று இருந்தால் டீக்கடை இல்லை, சைவ உணவகம்! அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி அங்கே பௌத்தர்கள் பலர் சைவம் சாப்பிடுவதால், அந்த நாள்களில் சைவ உணவு இன்னும் எளிதாகக் கிடைக்கும். வெறும் காய்கறி நூடுல்ஸிலும் மீன் சாஸ் ஊற்றுவது வழக்கம் என்பதால் ஆர்டர் செய்யும்போதே சொல்லிவிடுங்கள். அசைவக்காரர்கள் 'பான் செயோ' சாப்பிட்டுப் பாருங்கள். அரிசி மாவில் மஞ்சள் சேர்த்து மொறுமொறுவென்று சுட்டது. உள்ளே மசாலாவுக்குப் பதில் இறாலும் பன்றி இறைச்சியும் இருக்கும் தோசை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கிளம்பும் முன்

இந்தியர்களுக்கு இ-விசா உண்டு. ஒருமுறை நுழைய 25 டாலர், 90 நாள் வரை தங்கலாம். அதே மாதிரி தோற்றத்தில் கூடுதல் பணம் பிடுங்கும் தனியார் தளங்கள் இருப்பதால், வியட்நாம் அரசின் தளம்தானா என்று பார்த்து விண்ணப்பியுங்கள். பெயர், பாஸ்போர்ட் எண்ணில் ஒரு எழுத்து மாறினாலும் சிக்கல்தான்.

இந்த மூன்று எண்களை இப்போதே போனில் சேமித்துவிடுங்கள்: போலீஸ் 113, தீயணைப்பு 114, ஆம்புலன்ஸ் 115.